சன்வேயா, சிங்கப்பூரா, கெல்லி கோட்டையா, நம்ம பாலாய்ராயாவா: அக்டோபர் பேய் வீட்டுக்கு எங்கே போகலாம்?

எங்கள் வேனில் 8 பேர் உட்காரலாம். இந்த அக்டோபரில் ஹாலோவீன் பேய் வீடு பார்க்கப் போயே தீர வேண்டும் என்பவர்கள் அதில் 5 பேர்: 16 வயது மகள், அண்ணனின் இரண்டு பையன்கள், கொழுந்தன், என் கணவர். வேண்டவே வேண்டாம் என்பவர் ஒருவர், 80 வயதைத் தாண்டிய என் அம்மா. வாய் போகலாம் என்று சொல்லும், முகம் வேறு சொல்லும், அப்படி ஒருவன் உண்டு. 9 வயதுச் சின்னவன். எட்டாவது ஆள் நான். எங்கே போவது, யாரைக் கூட்டிக்கொண்டு போவது என்று முடிவு செய்கிற வேலை என் தலையில் விழுந்தது. இரண்டு வாரமாக விசாரித்தும் பழைய அனுபவத்தை அசைபோட்டும் வைத்த கணக்கை எழுதி வைக்கிறேன். தோட்டப்புறப் பட்டணங்களில் இருக்கிற பலருக்கும் இதே கேள்வி வரும்.

நாங்கள் இருப்பது மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில். ஹாலோவீன் இரவுக் கொண்டாட்டம் நடத்துகிற அளவுக்கு இங்கே எதுவும் கிடையாது. எங்கே போனாலும் தூரம், அதுவும் இரவில். கோலாலம்பூர்வாசிகள் வேலை முடிந்து அப்படியே போய்ப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து படுத்துவிடலாம். நமக்கு அது ஒரு பயணம். அதனால் அவர்கள் எழுதுகிற பரிந்துரைகளை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

கையில் நான்கு வழிகள் இருந்தன. முதலாவது, கோலாலம்பூர் பக்கத்துப் பண்டார் சன்வேயில் உள்ள சன்வே லகூன் கேளிக்கைப் பூங்கா நடத்தும் 'நைட்ஸ் ஆஃப் ஃப்ரைட்'. இரண்டாவது, சிங்கப்பூர் செந்தோசாவில் யூனிவர்சல் ஸ்டூடியோஸ் நடத்தும் 'ஹாலோவீன் ஹாரர் நைட்ஸ்'. மூன்றாவது, டிக்கட்டும் வேஷமும் பெரிதாக இல்லாத, ஆனால் பேய்ப் பெயர் எடுத்த பத்து காஜா கெல்லி கோட்டை. நான்காவது, போன வருஷம் எங்கள் பையன்கள் பாலாய்ராயாவில், அதாவது எங்கள் ஊர்ப் பொது மண்டபத்தில், தாங்களே கட்டிய பேய் வீட்டை இந்த வருஷமும் கட்டுவது.

அம்மாவின் மறுப்பை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது பல வீடுகளில் வரும். "காலையில நாலு மணிக்கு நெத்தி விளக்கக் கட்டிக்கிட்டுப் பால்மரக் காட்டுக்குள்ள தனியா போனவ நான். எனக்கு யாரும் டிக்கட் விக்கல" என்றார். 1948-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் தேதி எங்கள் சுங்கை சிப்புட் தோட்டங்களில் வெள்ளைக்காரத் துரைமார் மூன்று பேர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகுதான் நாட்டில் அவசரகாலம் வந்தது. அது 1960 வரை நீடித்தது. ஊரடங்கும் முள்கம்பி வேலியுமாக இருந்த அந்தக் காலத்தில் பிள்ளையாக இருந்தவர் அம்மா. இருட்டு என்றால் அவருக்கு விளையாட்டு இல்லை. அது போக, தோட்டத்து எல்லையில் முனீஸ்வரனுக்கு விளக்கு வைத்து வளர்ந்தவருக்கு, பேயைப் பணம் கொடுத்துக் கூப்பிடுவது என்பதே பொறுக்கவில்லை. நான் அவரோடு வாதாடவில்லை. அவரை இழுத்துக்கொண்டு போவதில்லை, அவர் மனம் நோகும்படி எதையும் செய்வதில்லை என்று முதலில் முடிவு செய்துகொண்டேன். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பிள்ளைகளைப் பொறுத்தவரை ஹாலோவீன் என்பது உடம்பு சிலிர்க்கிற ஒரு இரவு, அவ்வளவுதான். பூங்காக்களுக்கும் இது புது வியாபாரம் இல்லை. அமெரிக்காவில் நாட்ஸ் பெர்ரி ஃபார்ம் என்ற பூங்கா 1973-இல் தொடங்கிய ஹாலோவீன் இரவுகள்தான் இந்த வகைக்கே முன்னோடி. யூனிவர்சல் 1991-இல் ஃப்ளோரிடாவில் தொடங்கியது. சிங்கப்பூரில் 2011-இல் வந்தது. பூங்காவின் பகல் கூட்டத்தை வெளியே அனுப்பிவிட்டு, இரவில் தனி டிக்கட்டில் அதே இடத்தைப் பேய்க் காடாக மாற்றுவது, இதுதான் எல்லா இடத்திலும் உள்ள ஏற்பாடு. பகல் டிக்கட் வைத்திருப்பவர் இரவுக்குத் தனியாக வாங்க வேண்டும் என்பது தெரியாமல் போய் நிற்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

சரி, எதை வைத்து ஒப்பிடுவது? விலையை வைத்தா, பேய்களின் எண்ணிக்கையை வைத்தா? என் பார்வையில், வண்டியில் இருப்பவர்களில் மிகவும் பயந்தவர் யாரோ அவரை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும். இதை நான் ஒரு இரவில் கற்றுக்கொண்டேன்.

சின்னவனுக்கு அப்போது 6 வயது. எங்கள் பக்கத்துத் திடல் ஒன்றில் ஃபன்ஃபேர் போட்டிருந்தார்கள். ராட்டினம், வளையம் எறிதல், அப்புறம் ஒரு ஓரமாகப் பேய் வீடு. ஆளுக்கு 5 வெள்ளி, அதாவது 5 ரிங்கிட். கறுப்புப் பிளாஸ்டிக் தடுப்பு, உள்ளே ஒரு சிவப்பு பல்பு. கையைப் பிடித்துக்கொண்டு நுழைந்தோம். இரண்டாவது திருப்பத்தில் வெள்ளைத் துணி போர்த்திய ஒருவர் கத்திக்கொண்டு வந்தார். எனக்கே தூக்கிவாரிப் போட்டது. ஆனால் சின்னவன் அழவில்லை. குனிந்து, துணியின் அடிப்பக்கத்தைப் பார்த்தான். நீலப் பட்டை வைத்த சிலிப்பர், கட்டைவிரல் நகத்தில் சேறு. "ம்மா, பேய்க்குக் கால் கிடையாதுன்னு பாட்டி சொன்னாங்களே. இவருக்கு இருக்கு" என்றான். அந்த ஆள் சிரித்துவிட்டார். நானும்தான். அதோடு பயம் போயிற்று என்று நினைத்தேன். அடுத்த திருப்பத்தில் சிவப்பு பல்பு அணைந்து, எங்கேயோ தகரத்தை ஓங்கித் தட்டினார்கள். என் கையில் இருந்த அவன் விரல்கள் விறைத்துப்போனது இப்போதும் எனக்கு நினைவிருக்கிறது. வெளியே வந்த பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்று மாதம் கழிப்பறை விளக்கை அணைக்க விடவில்லை.

கண்ணுக்குத் தெரிகிற பேய்க்கு அவனிடம் பதில் இருந்தது. சத்தத்துக்குப் பதில் இல்லை. எந்த மனிதரிடமும் இல்லை. திடீரென்று எழும் பெரிய சத்தத்துக்குக் கண் இமைப்பதும் தோள் சுருங்குவதும் யோசனைக்கு முன்பே நடந்துவிடும். தைரியசாலிக்கும் அப்படித்தான். பேய் வீடு கட்டுகிறவர்கள் இதை நன்றாகத் தெரிந்துவைத்திருக்கிறார்கள். நம் பார்வையை ஒரு பொம்மையின் மேல் நிறுத்திவிட்டு, ஆள் பக்கவாட்டிலிருந்து வருவார். பளிச்சென்று ஒரு வெளிச்சத்தை அடித்துவிட்டு உடனே அணைப்பார்கள். இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக 20 நிமிடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் நாம் நான்கு அறையைத் தாண்டியிருப்போம், குருட்டுத்தனமாக.

டென்மார்க்கில் ஒரு பேய் வீட்டுக்கு வந்த 110 பேருக்கு இதயத்துடிப்புக் கருவி மாட்டி ஆராய்ந்து, 2020-இல் முடிவை வெளியிட்டார்கள். பயம் மிகக் குறைவாக இருந்தவர்களும் ரசிக்கவில்லை, மிக அதிகமாக இருந்தவர்களும் ரசிக்கவில்லை. நடுவில் இருந்தவர்களுக்குத்தான் அது இன்பமாக இருந்தது. என் சின்னவனுக்கு நடந்ததை எனக்கு விளக்கிச் சொன்னது போல இருந்தது அது. 19 வயதுப் பையனுக்கு நடுவில் இருப்பது 9 வயதுப் பிள்ளைக்கு எல்லை தாண்டியது. ஒரே டிக்கட்டில் இரண்டு பேருக்கும் நல்லிரவு கிடைக்காது. அதனால்தான் "எல்லாரும் சேர்ந்து போலாம்" என்ற ஆசையை நான் முதலிலேயே ஒதுக்கி வைத்தேன்.

சிங்கப்பூரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் எங்களுக்கு அது சரிப்படவில்லை. தரத்தில் குறை சொல்ல முடியாது. கொரோனா காலத்தில் நின்று 2022-இல் திரும்பி வந்தது. செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை குறிப்பிட்ட இரவுகளில் நடக்கும். நம் வட்டாரத்துப் பயங்களையும் அவர்கள் தொட்டிருக்கிறார்கள். 2016-இல் பேய்ப் பெயர் எடுத்த பழைய சாங்கி மருத்துவமனையை வைத்து ஒரு வீடு, 2018-இல் மலாய்க்காரர் கதைகளில் வரும் பெண் பேயான பொந்தியானாக்கை வைத்து ஒரு வீடு. வாழைமரத்தடியில் பொந்தியானாக் இருக்கும் என்று மலாய்க்கார அண்டை வீட்டார் சொல்லக் கேட்டு வளர்ந்த நமக்கு அது வெளிநாட்டு ஜாம்பியைவிட உள்ளே போய்த் தைக்கும். ஆனால் சுங்கை சிப்புட்டிலிருந்து 550 கிலோமீட்டருக்கு மேல். எல்லாருக்கும் கடப்பிதழ் வேண்டும், போய்ச் சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும், ஜொகூர் பாலத்து நெரிசலைத் தாங்க வேண்டும். சிங்கப்பூர் வெள்ளி ஒன்றுக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கொடுக்க வேண்டியிருப்பதால், அங்கே ஒரு தண்ணீர் போத்தல் வாங்கும்போதும் கை தயங்கும். சனிக்கிழமை இரவென்றால் வரிசை மிக நீளம். வரிசையைத் தாண்ட எக்ஸ்பிரஸ் பாஸ் தனிக் காசு. அதை வாங்காமல் போனால் 550 கிலோமீட்டர் வந்தும் இரண்டு வீடு மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப நேரலாம். ஜொகூரில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கும், கூலாய், குளுவாங் பக்கத்துத் தோட்டங்களில் இருப்பவர்களுக்கும் நான் தயங்காமல் இதைத்தான் சொல்வேன். பேராக்கிலிருந்து போவதற்கு இல்லை.

சன்வே எங்களுக்கு நெருக்கமான கணக்கு. 230 கிலோமீட்டர் இருக்கும், ஹைவேயில் மூன்று மணி நேரம். ஒரு சின்னப் பெருமையும் உண்டு. 1993-இல் திறந்த அந்தப் பூங்கா நிற்பது ஒரு காலத்தில் ஈயம் தோண்டிக் கைவிட்ட நிலத்தில். அதைப் பட்டணமாக்கிய டான் ஸ்ரீ ஜெஃப்ரி சியா நம் பேராக்கின் பூசிங்கில் பிறந்தவர். ஈயக் குட்டையும் மணல்மேடும் பார்த்து வளர்ந்த கண்ணுக்குத்தான் அந்தக் குழி ஒரு பூங்காவாகத் தெரிந்திருக்கும் என்று நான் நினைத்துக்கொள்வேன். பூங்காவின் பகுதிகளில் ஒன்றே 'ஸ்க்ரீம் பார்க்' என்ற பெயரில் இருக்கிறது, அதாவது பயமுறுத்துவதற்கென்றே ஒதுக்கிய இடம். அக்டோபர் இரவுகளில் பேய் வீடுகள் மட்டும் இல்லை, நடைபாதையிலும் வேஷக்காரர்கள் சுற்றுவார்கள். நாம் உட்கார்ந்து ஏதாவது தின்றுகொண்டிருக்கும்போது பின்னால் வந்து நிற்பார்கள். வீட்டுக்குள் போகாமல் வெளியே காத்திருக்கிறேன் என்று சொல்லி வருகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். வெளியே இருப்பதும் பயம்தான். சின்னவனை "உள்ளே போகாம வெளிய நிக்க வச்சிக்கலாம்" என்று என் கணவர் சொன்ன யோசனை இதனால்தான் அடிபட்டது.

போகிறவர்களுக்கு நான் சொல்லி வைத்திருப்பவை சில உண்டு. பெரிய பூங்காக்களில் பேய் வேஷக்காரர் நம்மைத் தொடமாட்டார், நாமும் அவரைத் தொடக்கூடாது. பயத்தில் கை ஓங்கிவிடுகிற பழக்கம் அண்ணனின் மூத்தவனுக்கு உண்டு என்பதால் அவனிடம் இதை இரண்டு தடவை சொன்னேன். கைகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடக்கச் சொல்லியிருக்கிறேன். புகை போடுவார்கள், மகளுக்கு இளைப்பு உண்டு, இன்ஹேலர் இல்லாமல் வாசலைத் தாண்டக் கூடாது. விட்டு விட்டு எரிகிற வெளிச்சம் வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு ஆகாது. இதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் உள்ளே போகவே வேண்டாம். சிலிப்பர் வேண்டாம், கட்டுகிற சப்பாத்து போட வேண்டும். இருட்டில் ஒருவர் காலை ஒருவர் மிதித்து விழுவதுதான் அங்கே உண்மையில் நடக்கக்கூடிய காயம்.

வரிசையில் எங்கே நிற்கிறோம் என்பதும் பெரிய விஷயம். கூட்ட நாளில் ஆட்களை ரயில்பெட்டி மாதிரி விட்டுக்கொண்டே இருப்பார்கள். முன்னால் போகிறவர் மேல் பேய் பாய்ந்துவிட்டால், பின்னால் வருகிறவர் பார்ப்பது முடிந்துபோன பேயை. அதனால் முன் கூட்டம் கொஞ்சம் நகரட்டும் என்று நின்று, இடைவெளி விட்டு நுழைய வேண்டும். பயந்தவரை மூன்றாவது ஆளாக, இரண்டு பெரியவர்களுக்கு நடுவில் விட வேண்டும். கடைசியில் விடவே கூடாது, பின்னாலிருந்து வருகிற சத்தமெல்லாம் அவருக்குத்தான். கதவு திறந்த முதல் ஒரு மணி நேரத்தில் பிடித்த இரண்டு வீட்டை முடித்துவிட்டால் பிறகு சாவகாசமாகச் சுற்றலாம். சனிக்கிழமையைத் தவிர்த்து வேறு இரவு கிடைத்தால் அதுவே நல்லது.

ஆனால் சன்வே போவதில் எனக்குப் பயம் தருவது உள்ளே இருக்கிற பேய் இல்லை. ஆட்டம் முடிந்து வெளியே வரும்போது நடுஇரவு நெருங்கியிருக்கும். அதற்கு மேல் மூன்று மணி நேர ஓட்டம். நாலு மணி நேரம் கத்திக் களைத்த உடம்புக்குத் தஞ்சோங் மாலிம் தாண்டுவதற்குள் தூக்கம் வந்துவிடும். வண்டியில் எல்லாரும் தூங்கியிருக்க, ஓட்டுகிறவர் மட்டும் விழித்திருக்க வேண்டும். தோட்டப்புறத்திலிருந்து கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் போய் விடியற்காலையில் திரும்பும்போது ஹைவேயில் உயிர் விட்டவர்களை நமக்குத் தெரியும். அன்றிரவே திரும்புவது என்றால் நான் சன்வேக்குச் சரி சொல்லமாட்டேன். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

வண்டி இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. ஈப்போவிலிருந்து இ.டி.எஸ். ரயிலில் கே.எல். சென்ட்ரலுக்கு இரண்டரை மணி நேரத்துக்குப் பக்கம். அங்கிருந்து கொமுட்டர் ரயிலில் செத்தியா ஜெயா, அங்கே 2015-இல் தொடங்கிய பி.ஆர்.டி. மின்சாரப் பேருந்து, சன்வே லகூன் என்றே ஒரு நிறுத்தம் இருக்கிறது. போவதற்கு இது சுகம். திரும்புவதற்கு நம்ப முடியாது, இரவில் ரயில் நின்றுவிடும். ஆக, தங்க ஒரு இடம் இருந்தே ஆக வேண்டும். எங்களுக்குப் பூச்சோங்கில் கணவரின் பெரியம்மா மகன் வீடு இருக்கிறது. உங்களுக்கு அப்படி யாரும் இல்லையென்றால், அறை வாடகையைச் சேர்த்துத்தான் பேய் வீட்டின் விலையைக் கணக்குப் போட வேண்டும். ஐந்து பேர் போனால் டிக்கட்டுக்கு அடுத்த பெரிய செலவு அதுதான்.

இப்போது கெல்லி கோட்டை. இதைப் பேய் வீடுகளோடு வைத்து ஒப்பிடுவதே தப்பு என்று கொழுந்தன் சொன்னார். அங்கே யாரும் கத்திக்கொண்டு வரமாட்டார்கள், மூடுபனி இயந்திரம் கிடையாது, வழக்கமாகப் பகலில்தான் பார்க்க முடியும். உண்மைதான். இருந்தாலும் எனக்கு அந்த இடத்தின் மேல் ஒரு பிடிப்பு உண்டு, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

ஸ்காட்லாந்திலிருந்து வந்து ரப்பர் தோட்டம் போட்டுப் பணக்காரரான வில்லியம் கெல்லி ஸ்மித் 1915-இல் அந்த மாளிகையைக் கட்டத் தொடங்கினார். மதராஸிலிருந்து ஆட்களை வரவழைத்தார். மலாயாவில் அதுவரை யாரும் வீட்டில் வைத்திராத லிஃப்ட்டுக்கு இடம் விட்டுக் கட்டினார். அப்போது ஸ்பானியக் காய்ச்சல் வந்து அவர் தோட்டத்துத் தொழிலாளர்களில் பலர் இறந்தார்கள். தொழிலாளர்கள் கேட்டுக்கொண்டதால் பக்கத்திலேயே மாரியம்மன் கோயில் கட்டிக் கொடுத்தார். அந்தக் கோயிலின் மேல்தளத்தில் சாமி சிலைகளோடு, கோட்டும் தொப்பியுமாக ஒரு துரை சிலையும் நிற்கிறது. அது அவர்தான் என்பார்கள். 1926-இல் போர்ச்சுகலின் லிஸ்பனுக்குப் போயிருந்தபோது நிமோனியா கண்டு இறந்துபோனார். மாளிகை முடியாமலே நின்றுவிட்டது. மாடி நடையில் துரை நடப்பதாகவும், மகளின் அறையில் நிழல் தெரிவதாகவும் கதைகள் உலவுகின்றன.

நான் போன அன்று மழை விட்டிருந்தது. மாடியில் ஒரு ஜன்னல், சட்டமும் கண்ணாடியும் இல்லாத வெறும் வளைவு. அதன் விளிம்பில் செங்கல் பூசாமல் தெரிந்தது. ஒரு கல்லில் விரல் பதிந்த மாதிரிக் குழி. சூளையில் வேகுமுன் யாரோ ஈரமாகத் தூக்கியபோது பட்டிருக்கும் என்று நினைத்து என் விரலை வைத்துப் பார்த்தேன். அது பேயைவிட என்னை அதிகம் நிறுத்தியது. வேஷம் போட்ட பேய் வீட்டில் செத்தவர்கள் யாரும் இல்லை. இங்கே செத்தவர்கள் நம்மவர்கள், அவர்களுக்கு ஒரு காரணமும் ஒரு கோயிலும் இருக்கின்றன. 9 வயதுப் பிள்ளைக்கு இந்தக் கதையைப் பகல் வெளிச்சத்தில் சொல்லலாம், கேள்வி கேட்டால் பதில் சொல்லலாம், வேண்டாம் என்றால் படியிறங்கி வெளியே போய்விடலாம். தகரத்தைத் தட்ட ஆள் கிடையாது. சுங்கை சிப்புட்டிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான், நுழைவுக் கட்டணமும் பூங்காவோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. பெரிய பிள்ளைகளுக்கு மட்டும் இது போதாது. அவர்களுக்கு அலற வேண்டும்.

அலற வைப்பதில் எங்கள் பாலாய்ராயா பேய் வீடு போன வருஷம் குறை வைக்கவில்லை. 2 வெள்ளி டிக்கட், ஒரே இரவு, பன்னிரண்டு பையன்களும் பெண்களும் ஒரு மாதம் பாடுபட்டுக் கட்டியது. தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகை, பூட்டிய லயத்து வீடு, காலையில் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் பெரட்டுக் களம் என்று மூன்று அறை. பெரட்டுக் களத்தில் இருட்டில் ஒரு குரல் பெயர் கூப்பிடும். வாசலில் டிக்கட் வாங்கும்போது உங்கள் பெயரைக் கேட்டுக் குறித்து உள்ளே அனுப்பிவிடுவார்கள். உள்ளே இருட்டில் உங்கள் பெயரே ஒலிக்கும். எந்தப் பெரிய பூங்காவாலும் அதைச் செய்ய முடியாது. என் சம்பந்தியம்மா முறையில் ஒருவர், தோட்டத்தில் 30 வருஷம் ரப்பர்ப் பால் வெட்டியவர், தன் பெயரைக் கேட்டதும், தோட்டத்துக் கணக்கரே கூப்பிட்டது போல, "வந்துட்டேன் கிராணியாரே" என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்றுவிட்டார். வெளியே வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இரத்தத்துக்கு முதலில் குங்குமத்தைக் கரைக்கப் பார்த்தார்கள். அம்மா விடவில்லை, குங்குமம், விபூதி, சாமி படம், வேல் எதுவும் பேய் வீட்டுக்குள் போகக் கூடாது என்றார். நானும் அதில் அம்மா பக்கம்தான். அப்புறம் சிவப்புச் சர்பத்தான சிராப்பை ஊற்றினார்கள், அரை மணியில் எறும்பு மொய்த்தது. கடைசியில் சோள மாவில் சிவப்புச் சாயம் கலந்தார்கள், நன்றாக வந்தது.

ஆனால் இந்த வழியில் எனக்கு ஒரு பெரிய கவலை உண்டு, அதைப் பையன்களிடம் நேராகவே சொன்னேன். 1984-ஆம் ஆண்டு மே 11-ஆம் தேதி அமெரிக்காவில் நியூ ஜெர்சி பூங்கா ஒன்றில் 'ஹாண்டட் காசல்' என்ற பேய் வீடு தீப்பிடித்தது. உள்ளே இருந்த இளம் பிள்ளைகள் 8 பேர் இறந்தார்கள். இருட்டு, குறுகலான வளைவுகள், எளிதில் பற்றும் பொருள்கள், தண்ணீர் தெளிப்பான் கிடையாது. அதற்குப் பிறகுதான் பேய் வீடுகளுக்குத் தனித் தீயணைப்பு விதிகள் அங்கே கடுமையாக வந்தன. எங்கள் பாலாய்ராயாவில் போன வருஷம் என்ன இருந்தது? சுவர் முழுக்கக் கறுப்புப் பிளாஸ்டிக். ஒரு வாசல் உள்ளே, ஒரு வாசல் வெளியே. ஒரு மூலையில் நிஜ மெழுகுவர்த்தி, அழகுக்காக. நான் அதைப் பார்த்தது ஆட்டம் முடிந்த பிறகு, பிளாஸ்டிக்கைச் சுருட்டும்போது. மெழுகு உருகி ஒரு கையளவு பக்கத்தில் பிளாஸ்டிக் மடங்கியிருந்தது. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆகவே இந்த வருஷம் கட்டுவதென்றால் நிபந்தனை இருக்கிறது: நெருப்பு எந்த உருவிலும் கிடையாது, பேட்டரி விளக்கு மட்டும். ஒவ்வொரு அறையிலிருந்தும் நேராக வெளியே ஒரு வழி. ஒரு நேரத்தில் உள்ளே ஆறு பேருக்கு மேல் கூடாது. மெயின் விளக்கின் சுவிட்ச் பக்கத்தில் ஒரு பெரியவர் நகராமல் நிற்க வேண்டும். தீயணைப்பு உருளை இரண்டு. தீயணைப்பு நிலையத்திலிருந்து ஒருவரை அழைத்துவந்து காட்டிவிட்டுத்தான் திறக்க வேண்டும். இதற்கெல்லாம் சம்மதமா என்று கேட்டேன். சம்மதம் என்றார்கள், ஆனால் கட்டிய கூட்டத்திலேயே மூத்த பையன் இந்த வருஷம் படிப்புக்காக வெளியூரில் இருக்கிறான், ஆள் சேர்க்க முடியவில்லை. அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப் போட்டாயிற்று. எனக்கு வருத்தம்தான். நான்கில் என் மனசுக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

அடுத்தது நாள். 2024-இல் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாளில், அக்டோபர் 31-இல் வந்து பிள்ளைகள் பூங்காவை மறந்தார்கள். இந்த 2026-இல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிறு. அக்டோபர் 17 வரை புரட்டாசி. எங்கள் வீட்டில் புரட்டாசி முழுக்கச் சைவம், சனிக்கிழமை விரதம். பூங்காவில் போய் பிள்ளைகள் பர்கரைப் பார்த்து ஏங்க வேண்டாம், அம்மாவும் அந்த மாதத்தில் பேய்ப் பேச்சை விரும்பமாட்டார். அக்டோபர் 31 சனிக்கிழமையே வருகிறது, ஹாலோவீன் இரவேதான், அன்று கூட்டம் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அது போக தீபாவளிக்கு ஒரு வாரம், வீட்டில் முறுக்குச் சட்டி அடுப்பில் ஏறியிருக்கும். மிஞ்சுவது அக்டோபர் 23, வெள்ளி. நவராத்திரியும் முடிந்திருக்கும்.

ஆக, சன்வே. அந்த வெள்ளிக்கிழமை ஆட்டம் உண்டென்று அறிவித்ததும் ஐந்து பேருக்கு டிக்கட் எடுத்துவிடுவோம். கொழுந்தன் ஓட்டுகிறார், இரவு பூச்சோங்கில் தங்குகிறார்கள், மறுநாள் காலை பசியாறிவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும் என்பது என் கட்டளை. நான் போகவில்லை. சனிக்கிழமை காலையில் அம்மாவையும் சின்னவனையும் மைவி காரில் ஏற்றிக்கொண்டு நான் இங்கிருந்து கிளம்புகிறேன். வேன் கோப்பேங் டோலில் இறங்கிப் பத்து காஜா சாலைக்குத் திரும்பும். கெல்லி கோட்டை வாசலில் எட்டுப் பேரும் சேர்ந்துவிடுவோம்.

சின்னவனிடம் சொன்னபோது அவன் கேட்ட முதல் கேள்வி, "அங்க யாராச்சும் தகரத்தத் தட்டுவாங்களா?" இல்லை என்றேன். அப்படியானால் வருகிறேன் என்றான். அம்மா கோட்டையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "அந்த மாரியம்மன் கோயில் எத்தன மணிக்கு நட சாத்துவாங்க?" என்றுதான் கேட்டார். காய்ச்சலில் போனவர்களுக்கு ஒரு விளக்கு வைக்க வேண்டுமாம். நல்லெண்ணெய் போத்தலை இப்போதே எடுத்து மேசையில் வைத்துவிட்டார்.